ஈரத்துக்குக் கழிவு

"அளந்த நம்பரை அந்தப் பொம்பளைங்களுக்கு உரக்கச் சொல்லணும் சார்" என்றேன்.

டாக்டர் கோபால்சாமி உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி அப்படியே நின்றது.

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரே விஷயம் அதுதான். வேலூரில் என்னை வேலைக்கு எடுத்த அன்றே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். "லீவு கேளு, தலைவலி மாத்திரை கேளு, சாப்பாடு நல்லா இல்லைன்னு சண்டை போடு. மெஷின்ல வர்ற நம்பரை வெளியே சொல்லலாமான்னு மட்டும் கேட்காதே. அது கம்பெனியோட சொத்து."

கம்பெனி பம்பாயில் இருந்தது. முகத்துக்குப் பூசும் கிரீம் செய்கிறவர்கள். மலையில் வெயிலிலும் காற்றிலும் வேலை செய்கிற பெண்களின் தோல் எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்ல டாக்டரைப் பிடித்திருந்தார்கள். அதற்காக ஜெர்மனியிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்திருந்தன. ஒன்றில் பேனா போல ஒரு முனை. அதைக் கையில் அழுத்தினால் தோலில் எவ்வளவு ஈரம் என்று சிவப்பு எழுத்தில் எண் வரும். இன்னொன்றின் முனையில் சின்ன ஓட்டை. அது தோலை உள்ளே உறிஞ்சி விடும். விட்டதும் தோல் எவ்வளவு சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று சொல்லும். மீள்தன்மை. 1988 மாசி மாதத்தில் ஜவ்வாது மலையில் இப்படி ஒரு சாமான் இருந்தது என்றால் எங்கள் ஜீப்பில் மட்டும்தான் இருந்திருக்கும்.

அந்த மெஷினை இயக்கத் தெரிந்தவள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல். கண்ணமங்கலத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரின் மகள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். எங்கள் தெருவிலும் நான்தான் முதல். இந்த முகாம் முடிந்ததும் வேலூர் ஆராய்ச்சிக்கூடத்தில் நிரந்தர வேலை என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அது கிடைக்கவில்லை என்றால் அடுத்தது கல்யாணம்; வரன் எங்கள் மாமா மகன்தான். அவன் நல்லவன். எனக்கு நல்லவன் வேண்டாம், வேலை வேண்டும்.

"காலங்கார்த்தால ஏன் இந்தப் பேச்சு?" என்றார் டாக்டர்.

"மணி பத்து சார். வெளியே பாருங்க. ஒருத்தரும் வரலை."

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, ஊர் ஓரத்தில் இருந்த வனத்துறை ஓய்வு விடுதியில்தான் முகாம். முதல் நாள் கூட்டம் தாங்கவில்லை. வந்த பெண்களை எல்லாம் குளிர்ந்த அறையில் இருபது நிமிஷம் உட்கார வைத்து, வேர்வை அடங்கியபின் இடது முன்கையில் அளந்தோம். எண்ணை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டோம். இரண்டாம் நாள் ஈ காக்கை இல்லை.

ஒன்பது மணி வரை பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்க ஊருக்குள் போய் வந்திருந்தேன். புளியமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று எறிகிற வேகம். நடுவில் பாஞ்சாலை. அந்த ஊரில் எந்த விஷயத்துக்கும் முதலில் வாய் திறக்கிறவள் அவள்தான். வயது நாற்பது இருக்கும்.

"இன்னா டீச்சரம்மா, மறுபடியும் கை வேணுமா?"

"நான் டீச்சர் இல்லை."

"படிச்ச பொண்ணு வேற இன்னாவா இருக்கும்?"

வட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சீக்கிரம் வரும்.

"ஏன் யாரும் வரலை? நேத்து வலிச்சுதா?"

"வலியெல்லாம் ஒண்ணியும் இல்ல. கன்னுக்குட்டி ஊட்டற மாதிரி இருந்துச்சி. மங்கம்மா இன்னொரு வாட்டி வெய்யின்னு கூடக் கேட்டா." பக்கத்திலிருந்த மங்கம்மாள் வெட்கப்பட்டாள். பாஞ்சாலை கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். "நேத்து எங்கிட்ட எம்மாம் அளந்தே?"

"அதைச் சொல்லக்கூடாது."

"இன்னாத்துக்கு? கை என்னுது."

"கம்பெனி ரூல்."

"இத பாரு பொண்ணே. இந்த மலையில எதை அளந்தாலும் அளக்கறவன் வாய்விட்டுக் கூவணும். சாமையா இருந்தாலும் தேனா இருந்தாலும் புளியா இருந்தாலும். கூவாம அளக்கறவன் திருடன். புளி எடுக்க வர்ற வியாபாரி எம்மாம் ஏமாத்துனாலும் கூவி ஏமாத்துறான். நீங்க படிச்சவங்க, வாய மூடிக்கினு அளந்துட்டு சீட்டுல எழுதிக்கினு போனா இன்னா நெனைக்கறது?"

எனக்கு அவள் சொன்னதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்தேன். எதிர்த்துச் சொல்ல ஒன்றும் கிடைக்காததால்தான் உப்புமா நேரத்தில் டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

டாக்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பம்பாயிலிருந்து டிரங்க்கால் வந்தால் எழுந்து நின்று பேசுவார். வராந்தாவில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்த ஹனீஃபாவைப் பார்த்தார். ஹனீஃபா வாணியம்பாடிக்காரர், ஜீப், ஜெனரேட்டர், சமையல் மூன்றும் அவர் பொறுப்பு.

"நீ இன்னா சொல்றே ஹனீஃபா?"

"எங்க ஊரு தோல் மண்டியில கூவித்தான் ஏலம் வுடுவாங்க சார். ஆனா அங்க தோலுக்குச் சொந்தக்காரன் உசுரோட வந்து கேக்க மாட்டான்."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபின் மறுப்பது அவருக்குக் கஷ்டம். "சரி, சொல்லித் தொலை. கம்பெனி ஆள் வர்றப்போ மட்டும் வாயத் தொறக்காதே."

அன்று மத்தியானமே கூட்டம் வந்துவிட்டது. முதலில் மங்கம்மாள் கையை நீட்டினாள். முனையை அழுத்தினேன்.

"நாப்பத்திரெண்டு" என்றேன்.

மங்கம்மாள் கையை எடுக்கவில்லை.

"முடிஞ்சுது. எழுந்திருங்க."

"மொதக் கைக்கு லாபம்னு சொல்லணும்" என்றாள் பாஞ்சாலை, சுவரோரத்திலிருந்து.

"இது நெல்லு இல்லை."

"நெல்லோ கையோ, மொத அளவு லாபம்தான்."

மூன்று வருஷம் இயற்பியல் படித்தவள் என்று வாய் வரை வந்தது. மங்கம்மாளின் கை மேஜை மேலேயே கிடந்தது. பின்னால் வரிசை வாசல் வரை நின்றது.

"லாபம். ஈரம் நாப்பத்திரெண்டு."

கை எழுந்தது. வரிசை நகர்ந்தது.

அதன்பின் அந்த அறை சந்தை மாதிரி ஆனது. அமைதியாக உட்கார வேண்டிய இருபது நிமிஷத்தில் ஒருத்தி கூட அமைதியாக இல்லை. சாந்தம்மாளுக்கு நாற்பத்தைந்து என்றதும் அவளுடைய நாத்தனார், "ஆத்தங்கரை வூடு இல்லியா, அதான்" என்றாள். உறிஞ்சும் மெஷினில் கை வைத்தபோது ஒரு கிழவி, "இதுக்குப் பல்லு மொளைக்கறதுக்குள்ள எடுத்துடு" என்றாள். நான் சிரித்ததில் அந்த அளவு கெட்டு, மறுபடி வைக்க வேண்டியதாயிற்று.

நடுவில் பாஞ்சாலை எழுந்து டாக்டரைக் காட்டினாள். "அவரு கையையும் வெய்யி."

"எனக்கு எதுக்கும்மா?"

"தராச மொதல்ல வியாபாரி ஏறிக் காட்டணும் சாமி."

டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுத்தினேன். வேலூர் வெயில், ஆஸ்பத்திரி சோப்பு, ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிற வழக்கம்.

"ஈரம் இருபத்தேழு."

அறை அடங்கியது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என் முட்டாள்தனம்.

அதே பெண்களைத் தினமும் திரும்ப அளப்பதுதான் கம்பெனித் திட்டம். அடுத்த நாள் முதல் எண்கள் இறங்கத் தொடங்கின. முப்பது, இருபத்தைந்து, இருபத்திரண்டு. அதற்கடுத்த நாள் பதினெட்டு, பதினாறு. நான் கூவக் கூவ வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பதினாறு வாங்கிய மங்கம்மாள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் போல இறங்கிப் போனாள்.

டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா பூங்கோதை, எவ்வளவு வறட்சி. கம்பெனி இதைத்தான் எதிர்பார்த்தது. மலைக்காத்து தோலைச் சுரண்டித் தின்னுது. முதல் ரெண்டு நாளும் நாம சரியா அளக்கலைன்னு நினைக்கிறேன். அதைச் சோதனை ஓட்டம்னு தள்ளிடலாம்."

அவர் சந்தோஷமாக இருந்தால் என் வேலை நிச்சயம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின.

ஒன்று, உறிஞ்சும் மெஷின். அது ஒரு மாற்றமும் காட்டவில்லை. முதல் நாள் எப்படித் தோல் சுண்டி எழுந்து திரும்பியதோ, அப்படியே இப்போதும் திரும்பியது. அவ்வளவு காய்ந்த தோல் அப்படித் திரும்பாது. காய்ந்த தோல் சோம்பேறி. இழுத்தால் வரும், போவதற்கு யோசிக்கும்.

இரண்டாவது, பஞ்சு. ஒவ்வொரு கைக்கும் பிறகு முனையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பேன். முதல் நாள் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இப்போது சாம்பல் நிறத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாஞ்சாலையின் முறை. பதினான்கு. அதுவரை வந்ததிலேயே குறைவு. கூவினேன். வரிசை "ஓ" என்றது. அவள் எழுந்திருக்கும் முன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முன்கையில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. விரலில் நைசாக மாவு மாதிரி ஒட்டியது.

"இது இன்னா?"

"இன்னாது?"

"சாம்பல்."

"அடுப்பு பத்த வெச்சேன். ஒட்டிக்கினு இருக்கும்."

"எல்லாரும் இடது கையாலயா அடுப்பு பத்த வைப்பீங்க? உள்பக்கமா?"

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். பாஞ்சாலை திரும்பி ஒரு முறை முறைத்தாள். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அவளை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனேன்.

"உண்மையைச் சொல்லுங்க அக்கா. நான் யார்கிட்டயும் சண்டை போட மாட்டேன்."

"நீயா?"

"இன்னைக்கு மட்டும் போட மாட்டேன்."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீதானே கூவினே, ஈரம் நாப்பத்திரெண்டு, ஈரம் நாப்பத்தஞ்சின்னு. எங்களுக்கு அன்னிக்குத் தூக்கமே இல்ல. புளி எடுக்க வர்றவன் புளிய அமுக்கிப் பாத்துட்டு ஈரம்னுதான் சொல்லுவான். சொன்னா ஈரத்துக்குக் கழிவு. மூட்டைக்கு இத்தினின்னு எடைய வெட்டிடுவான். அதுக்கோசரம் பாறை மேல போட்டு நாலு நாளு காயவெச்சித்தான் எறக்குவோம். அப்படிக் காயவெச்ச எங்க ஊரு புளிய ஈரம்னு எவனும் சொன்னதில்ல. கையப் போயி ஈரம்னு ஊரறியக் கூவினா வுட்டுடுவோமா?"

"அதனால?"

"பாறையில வெயில்ல கையக் காட்டிக்கினு படுத்துக் கெடந்தோம். மங்கம்மா அடுப்பு மேல காட்டினா. அப்பறம் சலிச்ச சாம்பல போட்டுத் தேய்ச்சா இன்னும் கொறையும்னு சாந்தம்மா கண்டுபுடிச்சா. டாக்டரு படிச்சவரு, அவருக்கே இருபத்தேழு. அத்தவிடக் கீழ போவணும்னு எங்களுக்குள்ள ஒரு இது."

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. ஹனீஃபா ஜெனரேட்டரை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். ஜெர்மனியில் எவனோ இராப்பகலாக உட்கார்ந்து செய்த மெஷின். அதை அடுப்புச் சாம்பலால் இந்த ஊர் அடித்துப் போட்டிருந்தது.

"அக்கா, புளிக்குத்தான் ஈரம் கூடாது. தோலுக்கு ஈரம் இருந்தாத்தான் நல்லது. முதல் நாள் உங்களுக்கு நாப்பத்திமூணு. வேலூர்ல இருக்கற பொம்பளைங்க அதுக்கு ஏங்குவாங்க."

பாஞ்சாலை தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"ஆமா."

"அப்ப டாக்டருதான் மோசமா?"

"டாக்டர்தான் மோசம்."

அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மற்றவர்களிடம் சொல்ல வேகமாகப் போனாள். சற்று நேரத்தில் புளியமரத்தடியிலிருந்து சிரிப்பு கேட்டது.

நான் உள்ளே போனேன். டாக்டர் மறுநாள் வரப்போகும் கம்பெனி ஆளுக்காக எண்களைப் பெரிய தாளில் கோடாக வரைந்துகொண்டிருந்தார். கோடு அழகாக, சரிவாக இறங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல், பாறை, அடுப்பு, புளி வியாபாரி, இருபத்தேழு. இருபத்தேழு வந்த இடத்தில் அவர் முகம் சுருங்கியது.

"எல்லார் கையையும் இன்னைக்கே கழுவச் சொல்லி, நாளைக்குக் காலையில உட்கார வைச்சு, திரும்ப அளந்துடலாம் சார். ஒரே நாள் வேலை."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வேண்டாம்."

"ஏன்?"

"மெஷின் காட்டினது காட்டினதுதானே. மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதான் சொல்லுவே."

"மெஷின் பொய் சொல்லலை சார். அது சாம்பலைச் சரியா அளந்திருக்கு. தோல்னு எழுதப்போறது நாமதான்."

"நம்பரைக் கூவணும்னு கேட்டது யாரு?"

"நான்தான்."

"அதனாலதானே இவ்வளவும்."

"அதனாலதான். கூவினது சரி. ஈரம் நல்லதா கெட்டதான்னு சொல்லாம கூவினது தப்பு. அந்தத் தப்பு என்னுது. அதை நான்தான் கழுவணும்."

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு பூங்கோதை. வறட்சியா இருக்குன்னு சொன்னா கம்பெனி அடுத்த வருஷமும் நம்மளை வைச்சுக்கும். நல்லா இருக்குன்னு சொன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான். நல்லா இருக்கற தோலுக்கு எவன் கிரீம் விப்பான்? யாருக்கு நஷ்டம்? இந்தப் பொம்பளைங்க கிரீம் வாங்கப்போறதில்லை. உன் ஆர்டர் என் மேஜையில டைப் அடிச்சு இருக்கு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நாளைக்கு ஒரு நாள் சும்மா நின்னா போதும். உனக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

வேலூர் அறை கண்ணில் வந்தது. ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தேன். மேலே காற்றாடி, கீழே சிமென்ட் தரை, என் உயரத்துக்குச் சரியாக ஒரு மேஜை. பக்கத்தில் பெண்கள் விடுதி இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அப்பாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம். இந்த ஆசையை யாரிடமும் ஒளித்ததில்லை. இப்போதும் ஒளிக்கவில்லை.

"எனக்கு அந்த வேலை வேணும் சார்" என்றேன். "ரொம்ப வேணும்."

"அப்புறம் என்ன?"

"அங்க போய் நான் என்ன பண்ணப்போறேன்? அளக்கப்போறேன். முதல் அளவே சாம்பல்னு தெரிஞ்சு வைச்சுக்கிட்டு அடுத்தது எப்படி அளப்பேன்? ஒவ்வொரு நம்பரும் வர்றப்போ இதுல இன்னா பூசியிருக்குன்னு பார்க்கத் தோணும். அதுக்கு நான் பஞ்சரே ஒட்டுவேன். டியூபைத் தண்ணியில முக்கினா, ஓட்டை இருந்தா குமிழ் வரும். இல்லைன்னா வராது."

"நாளைக்குக் கம்பெனி ஆள் முன்னாடி வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"தொறப்பேன்."

"அப்போ நீ நாளைக்கு இங்க இருக்கமாட்டே. மூணு மணி பஸ்ஸுல ஏத்தி அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. இந்தப் பொம்பளைங்க கழுவின கையோட வந்து நிப்பாங்க. ஏன் நின்னோம்னு பாஞ்சாலை சொல்லுவாங்க. நான் சொன்னா நாலு வார்த்தையில முடிஞ்சுடும். அவங்க சொன்னா புளியிலேர்ந்து ஆரம்பிப்பாங்க."

டாக்டருக்கு அந்தக் காட்சி கண்ணில் வந்திருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காரு. பொறுமையா பேசுவோம். யோசிச்சு முடிவு எடு."

"எடுத்தாச்சு சார்."

எப்போது எடுத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோதே எடுத்திருப்பேன். இவ்வளவு நேரமும் அவருக்குத் தெரிவிக்க வேண்டியதுதான் பாக்கி இருந்தது.

ஹனீஃபா வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருப்பார் போல. "ஜெனரேட்டர நிறுத்தட்டா சார், ஓட வுடட்டா?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், சாத்திய ஜன்னலைப் பார்த்தார். ஹனீஃபா அதை எந்தப் பதிலாக எடுத்துக்கொண்டாரோ, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். குளியலறையில் இருந்த வாளியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு, புளியமரத்தைப் பார்த்து வெளியே நடந்தேன்.